துண்டுக்கு அடியில் ஐம்பத்து நான்கு

போன மாதம் ஓசூர் போகும் பேருந்தில் ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. புகையிலை, மாட்டுமயிர், காய்ந்த வியர்வை மூன்றும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து வந்தது. மூக்கு அது என்னவென்று யோசிப்பதற்குள் கைக்குத் தெரிந்துவிட்டது. என் வலது கை தானாக எழுந்து அந்தத் துண்டுக்கு அடியில் நுழையப் பார்த்தது. நல்லவேளை, மனிதர் சன்னலுக்கு வெளியே மூக்கண்டப்பள்ளியில் ஷிப்ட் விட்டுப் போகும் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். (ஐம்பது வயதுக்காரன் பேருந்தில் அடுத்தவர் துண்டுக்குள் கைவிட்டால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.)

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேசித் தோற்றவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. பேசாமல் இருந்தும் தோற்றவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், என் இருபத்திரண்டாம் வயதில், ஓசூர்ப் பக்கம் பேரிகை என்ற ஊரில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு நாலாம் வகுப்பு வாத்தியாராக வந்து சேர்ந்தேன். வேலை தற்காலிகம். டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் திருநெல்வேலியில் மாமாவின் ஊறுகாய்க் கடை எனக்காகத் திறந்தே இருந்தது. ஊறுகாய் மேல் எனக்கு விரோதமில்லை. ஆயுள் முழுக்க அதில் ஊற மனமில்லை, அவ்வளவுதான். மேலும் நான் அப்போது கவிஞன். (யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.)

முதல் நாள் வகுப்பில் நின்று, "குழந்தைகளே, எண்கள் என்பவை வானத்தில் நடக்கும் நட்சத்திரங்கள்" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினேன். நாற்பத்தொரு பிள்ளைகளில் நாற்பது தலைகள் ஆடின. புரிந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, மீதிப் பிள்ளைகள் கன்னடம். தமிழ் அவர்களுக்கு பஸ் கண்டக்டரோடு பேசுகிற பாஷை. தலையாட்டியது மரியாதைக்கு.

அவர்களில் தலைகூட ஆட்டாத ஒருத்தி உண்டு. நரசம்மா. பத்து வயது, மாட்டுத் தரகரின் மகள். வகுப்பில் எந்த மொழியிலும் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். குழந்தை வாத்தியாரைப் பார்க்கிற பார்வையில்லை அது. மாட்டின் பல்லைப் பார்க்கிற பார்வை.

ஒரு சந்தை நாளில் சும்மா சுற்றப் போனேன். புளியமரத்தடியில் இரண்டு பேர் எதிரெதிராக நின்று கைகுலுக்கியபடி இருந்தார்கள், கைகளின் மேல் ஒரு துண்டு. வாய் பேசவில்லை. துண்டு மட்டும் உள்ளே பூனைக்குட்டி இருப்பதுபோல நெளிந்தது. ஒருவர் நரசம்மாவின் அப்பா. விலையை விரல் பிடித்துப் பேசுகிறார்கள் என்று கூட வந்த தலைமையாசிரியர் சொன்னார். உள்ளூர்க்காரர். முதல் பிடியில் எத்தனை விரலோ அத்தனை பத்து, அடுத்த பிடியில் எத்தனையோ அத்தனை ஒன்று. அஞ்சுக்கு மேல் போனால் விட்டுப் பிடிப்பார்கள். பக்கத்தில் நின்ற நரசம்மா துண்டைப் பார்க்கவில்லை. எதிராளியின் முகத்தையும் தோளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி விலைக்கு வந்துவிட்டவனுக்குத் தோள் தானாக இறங்குமாம்.

எனக்குள் மின்னல் வெட்டியது. (அந்த வயதில் அடிக்கடி வெட்டும். மழை பெய்ததில்லை.)

மறுநாள் என் மேல்துண்டைக் கையில் போர்த்தி அவள் முன் நீட்டினேன். "ஏழு ஆறு?"

துண்டுக்குள் ஒரு சின்னக் கை வந்தது. நாலு விரல் பிடித்தது. விட்டது. இரண்டு விரல் பிடித்தது. நாற்பத்து இரண்டு!

அன்று நான் அழுதேன் என்றே நினைக்கிறேன். ஒரு மாதத்தில் வகுப்பு முழுக்கத் துண்டு வந்துவிட்டது. அப்பாவின் தலைப்பாகை, அம்மாவின் கிழிந்த சேலை, யாரோ ஒருத்தி கொண்டுவந்த மாவுச் சல்லடைத் துணி. வரிசையாக வந்து கை கொடுப்பார்கள், பத்துக்குப் பத்தும் சரி. நானும் தொண்டைத் தண்ணீர் வற்றாமல் சன்னலோரம் நின்று கவிதை யோசித்தேன். சொல் எதற்கு, தொடுதல் போதாதா என்று நாலு பக்கம் எழுதியும் வைத்தேன்.

டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, அங்கவஸ்திரம், சிரித்தே பழகாத மீசை. "ஒன்பது ஆறு எவ்வளவு?" என்றார். நாற்பத்தொரு பேரும் மௌனமாகத் துணியை எடுத்துக் கையில் போர்த்தினார்கள்.

"என்னய்யா இது, துக்க வீடு மாதிரி? யார் போயிட்டா?"

விளக்கினேன். மீசை ஒரு பக்கமாக ஏறியது. கோபம் என்று பயந்தேன், ஆவல் என்று பிறகு தெரிந்தது. அங்கவஸ்திரத்தைக் கையில் போர்த்தி நரசம்மாவிடம் நீட்டினார்.

"மூணு விரல் பிடிக்கிறா. முப்பதா? தப்பு."

எனக்கு வயிற்றில் ஊறுகாய் வாசனை அடித்தது.

"இப்ப நாலு. நாற்பதா? தப்பும்மா. நாற்பத்தஞ்சா? என்ன, ஏறிக்கிட்டே போறா?"

தலைமையாசிரியர் பணிவாகக் குனிந்தார். "ஐயா, அவ பேரம் பேசறாளுங்க. தெரியாத ஆளுகிட்ட மொத புடியிலயே முழுசா சொல்லிட்டா அவங்கப்பன் ஊட்டுல சேக்கமாட்டான்."

ஐம்பது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து நான்கில் நரசம்மா நின்று, கையை வெளியே எடுத்து, இன்ஸ்பெக்டரின் உள்ளங்கையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள். பேரம் முடிந்தது!

நான் கைதட்டப் போனேன். இன்ஸ்பெக்டர் கைதட்டவில்லை. தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடி துணியைப் போர்த்தினார்.

"எட்டு நாலு?"

பிடிக்குப் பிடி அவரே சொல்லிக்கொண்டு வந்தார். பத்து. இருபது. முப்பது. முப்பத்திரண்டு. வந்துவிட்டது, நிறுத்து தாயே என்று நான் மனசுக்குள் கத்தினேன். அவள் நிற்கவில்லை. முப்பத்து மூன்று, நான்கு என்று சரியான விடையைத் தாண்டிப் போய் முப்பத்தைந்தில் நின்று, பட்டென்று தட்டினாள்.

"வாத்தியாரே, நான் மனசுல முப்பத்தஞ்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அங்கே வந்ததும் கையைக் கொஞ்சம் தளர்த்தினேன். வேற ஒண்ணும் செய்யல" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிறகு எல்லோரையும் சிலேட்டில் எழுதச் சொன்னார். மூன்று பேர் சரி. மற்றவர்கள் சிலேட்டையே கூர்ந்து பார்த்தபடி இருந்தார்கள். பாவம், சிலேட்டுக்கு நாடி கிடையாது.

இரண்டு மாதமாக, சரியான விரலைத் தொட்டதும் என் கை சந்தோஷத்தில் இளகியிருக்கிறது. எனக்கே தெரியாமல் அவர்களுக்கு விடை சொல்லியிருக்கிறது. அவமானத்தில் காது எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் இன்னொன்றும் ஓடியது, இன்றுவரை நிற்கவில்லை. நான் வாயால் முக்கால் மணி நேரம் பேசியது ஒருவருக்கும் எட்டவில்லை. சொல்லவே நினைக்காத ஒன்று எல்லோருக்கும் எட்டியிருக்கிறது. அப்படியானால் தினமும் நாம் யார் யாரிடம் என்னென்ன சொல்லித் தொலைக்கிறோம்?

என் மனைவிக்கு இதற்கு விடை தெரியும். நான் உம்மென்று உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்று சொன்னால் போதும். "துண்டு எடுத்துட்டு வரட்டுமா?" என்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே மகன் ஒருத்தன் அப்படிக் கேட்டான்.

அன்று மாலை இன்ஸ்பெக்டரை வழியனுப்ப வண்டிவரை போனேன். திருநெல்வேலி என்று நினைத்தாலே நாக்கில் புளித்தது.

"ஐயா, என்ன எழுதப்போறீங்க?"

"பிள்ளைங்க கணக்குப் படிக்கல. உம்மைப் படிச்சிருக்காங்க. அதுல நூத்துக்கு நூறு." கொஞ்சம் நின்றார். "நிஜமாவே கணக்குச் சொல்லிக்கொடுத்தா, நான் திரும்பி வந்து பார்க்க எத்தனை மாசம் வேணும்?"

கேட்டுவிட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துக் கையில் போர்த்தி என் பக்கம் நீட்டினார். மீசைக்கு அடியில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

நான் உள்ளே கைவிட்டு அவருடைய ஐந்து விரலையும் பிடித்தேன். அவர் என் விரலில் இரண்டைப் பிடித்தார். நான் நாலு. அவர் மூன்று. எனக்கு உயிர் திரும்பியது. அவர் மனம் மாறுவதற்குள் உள்ளங்கையில் பட்டென்று தட்டிவிட்டேன். (மூன்று மாதம் கழித்து வந்தார். சிலேட்டில் இருபத்தொன்பது பேர் சரி. அந்த வேலையில்தான் இன்றுவரை சாப்பிடுகிறேன்.)

வண்டி கிளம்பியது. திரும்பினால், பைக்கட்டோடு நரசம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. வண்டி போன புழுதியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். ஏமாந்து மாடு வாங்கிவந்தவனைப் பார்க்கிற பார்வை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குத் திரும்புமுன், அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ் வந்தது.

"அவசரப்பட்டுட்டீங்க சார். அவரு தோளு இன்னும் எறங்கவே இல்ல. அஞ்சு மாசத்துக்கே வந்திருப்பாரு."