மாப்பிள்ளை மாற்றிய சில்லு

ஜீப்பின் இடப்பக்க முன்சில்லு அரைவாசி சப்பளிந்து கிடந்தது. நோபேட் அதைப் பார்த்தான். பிறகு இளநீர் குடித்துக்கொண்டு நின்ற மத்தேயு முதலாளியைப் பார்த்தான்.

முதலாளி மட்டக்களப்பில் பெரிய கருவாட்டு வியாபாரி. அவருடைய மகள் றோஸ்மேரியைப் பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து நோபேட்டுக்குச் சோறு இறங்கவில்லை. குற்றம் றோஸ்மேரியில் இல்லை. கேக்கை மென்றபடி, "ஜீப்பா? கழட்டிப் பூட்டவும் தெரியும்" என்று சொல்லிவைத்த வாயில்.

"அப்ப வாகரைக்கு ஒருக்காப் போய் வருவம் தம்பி" என்றிருந்தார் முதலாளி. நோபேட்தான் ஓட்டி வந்தான். கிறவல் ரோட்டு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், முதலாளிக்கு மீன் கொடுக்கிற வேலனின் குடிலில் இறங்கினார்கள். நோபேட் தன் இளநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தால் சில்லு இப்படி.

"காத்துப் போயிட்டு மாமா. ஒரு நொடியில மாத்திருவன்."

"மாத்துங்க" என்று முதலாளி செபமாலையை எடுத்தார்.

ஜாக்கியை வைத்து அடித்தான். ஜீப் எழும்பவில்லை, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கியது. விட்டிருந்தால் பூமியின் மறுபக்கத்தில் யாருடையதோ அடுப்பங்கரையில் எழும்பியிருக்கும். கீழே வைக்கப் பலகை தேடினான். கடற்றொழில் செய்கிறவன் வீட்டில் ஒரு துண்டுப் பலகை இல்லை, வேலனையும் காணவில்லை. கடைசியில் வருங்கால மாமியாருக்கென்று வாங்கிய பிஸ்கட் தகரப் பேணியை வைத்தான். தட்டையான பிறகு அது நன்றாகத் தாங்கியது.

தூக்கின சில்லில் நட்டுச் சாவியைப் போட்டுத் திருக, சில்லும் கூடவே சுற்றியது. இறக்கினான். சாவியில் ஏறி நின்று துள்ளினான். நட்டு இன்னும் இறுகியது. ஆத்திரத்தில் சாவியைக் கீழிருந்து ஓர் உதை விட்டான், கழன்றது. அந்தப் பழைய பட்டாளத்து ஜீப்பில் இடப்பக்க நட்டுகள் மறுவளமாய்த் திருகினால்தான் கழலும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

"இதுக்கு உதைதான் மருந்து மாமா."

முதலாளி செபமாலையில் ஒரு மணியைத் தள்ளினார்.

மேலதிகச் சில்லைப் பூட்டினான். அது கல்லுப் போல இருந்தது. அதற்குப் பக்கத்தில் மற்ற மூன்றும் வெறும் பைகளாய்த் தெரிந்தன. பம்பை எடுத்து, சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வருமளவுக்கு அடித்து, எல்லாவற்றையும் கல்லாக்கினான். ஏறி மணலுக்குள் விட்டான். ஜீப் உறுமியது. நாலு சில்லும் நாலு கிணறு தோண்டின. ஒன்றில் தண்ணீரும் வந்தது, நல்ல தண்ணீர்.

பொழுது சாய்ந்தது. வருகிற ஞாயிறு கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை வாசிப்பதாகப் பேசியிருந்தார்கள். அந்த ஞாயிறும் ஜீப்பின் அச்சோடு சேர்ந்து புதைவதை நோபேட் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மணலில் குந்திவிட்டான்.

"மாமா, எனக்கு ஓட்டத்தான் தெரியும், கழட்டிப் பூட்ட ஒரு மண்ணும் தெரியாது. சைக்கிள் சில்லுகூட மாத்தினதில்ல. றோஸ்மேரியில உள்ள ஆசையில சொன்ன பொய்."

முதலாளியின் விரல் மணியில் நின்றது.

தாழம்பற்றைக்குப் பின்னாலிருந்து வேலன் எழும்பி வந்தான். தோளில் இரண்டு நீளப் பலகை.

"நாலு சில்லிலயும் காத்தை நான்தான் குறைச்சுவிட்டன் தம்பி, மணல்ல புதையாம ஓடத்தான்" என்றவன் முதலாளியிடம் திரும்பினான். "முந்தி நீங்க கூட்டிவந்த மாப்பிள்ளை கடைசிமட்டும் உண்மையைச் சொல்லல்ல, நடந்துதானே போனவர். இவர் சொல்லிப்போட்டார். சில்லுக்குக் கீழ பலகையைப் போடட்டா முதலாளி?"