சும்மா கிடைத்த துணி

உலகத்தில் துணி தைப்பவர்கள் இரண்டு வகை. கடையில் துணி வாங்கித் தைப்பவர்களை விட்டுவிடுவோம், அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. மற்ற வகையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'சும்மா கிடைத்த துணித் தையற்காரர்' என்று அந்த இனத்துக்குப் பெயர் வைப்போம். அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் வணக்கம் சொன்னால் இவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டையைப் பார்ப்பார். பேசிக்கொண்டே அதன் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தேய்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது என்ன துணிங்க? வீசப் போறீங்களா?" என்று கேட்பார். அது நீங்கள் போன தீபாவளிக்கு எடுத்த சட்டையாக இருக்கும்.

றக்வான மலையில், தேயிலைத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இராமசாமி இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. சுயதொழில் செய்யட்டும் என்று யாரோ தோட்டத்துப் பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். இவர் மனைவி அழகம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. போட்டோ எடுத்த அன்று மட்டும் அவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். மறுநாள் இவர் உட்கார்ந்தார், எழும்பவில்லை. கைபேசியில் 'புதிதாகத் தைக்கத் தொடங்குவோருக்கு' என்றொரு வீடியோ அவருக்குக் குருவானது.

காற்றில் மடங்கிய குடை கிடைத்தால் கம்பியை எறிந்துவிட்டுத் துணியை உரித்தெடுப்பார். தேர்தல் முடிந்த மறுநாளே சந்திக்குப் போய்த் துணிப் பேனர்களைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த படங்கு வாசலில் காய்ந்தால் அதையும் ஆசையோடு தடவிப் பார்ப்பார். சாவு வீட்டில் எல்லோரும் பெட்டியைப் பார்த்து அழும்போது, இவர் பந்தலின் மேற்கட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இத்தனை துணியில் என்ன தைத்தார் என்று கேட்கிறீர்களா?

பை.

சட்டை என்றுதான் தொடங்குவார். கை பொருந்தாவிட்டால் அது தலையணை உறையாகும், மூலை சரியாக வராவிட்டால் பையாகும். குடைத்துணிப் பையில் மழைத் தண்ணீர் உள்ளே போகாது. மீன் தண்ணீர் வெளியே வராது. பேனர்கள் மட்டும் எப்படியோ தலையணை உறையோடு நின்றுவிட்டன. அதனால் வீட்டில் இவர், மனைவி, மகள் என மூன்று பேரும் ஒரு வேட்பாளரின் புன்னகையில் தலை வைத்துப் படுத்தார்கள். அவருடைய வாக்குறுதியால் வேறு யாருக்காவது இவ்வளவு சுகம் கிடைத்திருக்குமா?

"இதுல என்னா இருக்கு? நேரா ஒரு கோடு அடிச்சாச் சரி!" என்பார். அந்தக் கோடு ஒருநாளும் நேராகப் போனதில்லை.

இது இப்படியே போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அவருடைய மகள் மல்லிகாவின் கல்யாணம் இதில் சிக்கிக்கொண்டது. பெல்மதுளையில் மருந்துக்கடையில் வேலை செய்யும் அவளுக்கும், கொடகவெலயில் போன் திருத்தும் பிரதீபனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது. பிரதீபனின் அப்பாவோ பல்லி கத்தினால் பயணத்தை நிறுத்துகிற மனுஷன். அவரைச் சம்மதிக்க வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் செய்வதற்குள் பிள்ளைகள் இரண்டும் பாதியாக இளைத்துவிட்டன.

"ரோட்டுச் சந்தியிலேருந்து நம்ம வாசல் வரைக்கும் தோரணம் கட்டுறேன்," என்றார் இராமசாமி. "முக்கோணக் கொடியா வெட்டித் தைச்சு மாலையாக் கோக்கணும். வீடியோவுல மொத பாடமே அதுதான்."

துணி? பெல்மதுளையில் கல்யாணங்களுக்குக் ஆட்கள் உட்காரக் கதிரையும் கூடாரமும் வாடகைக்கு விடும் மக்கீன் நானா, கிழிந்த கதிரை உறைகளை மூட்டையாகக் கட்டி வீசப்போகும் நேரத்தில் இவர் போய் நின்றார். அந்த விஷயத்தில் இவர் மூக்கு தப்பாது. ஆனால் உறைகள் எல்லாம் வெள்ளை.

அழகம்மா மூட்டையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். "வேணாங்க. வெள்ளக் கொடி கட்டுனா ஊரு என்னா நெனைக்கும்?"

அவள் பயம் நியாயமானது. இந்தப் பக்கத்தில் ரோட்டோரம் வெள்ளைக் கொடி வரிசையாகத் தொங்குவதைப் பிடித்துக்கொண்டே போனால் சாவு வீடு வரும். தமிழருக்கோ சிங்களவருக்கோ முஸ்லிம்களுக்கோ யாரும் அதை விளக்க வேண்டியதில்லை.

"எனக்குத் தெரியாதா? அதான் சாயம் போடப்போறேன்ல!" என்றார். பீட்ரூட்டை அவித்துச் சிவப்பு, கேசரிப் பவுடரைக் கரைத்து மஞ்சள். சனிக்கிழமை மாலை சந்தியிலிருந்து வாசல் வரை சிவப்பும் மஞ்சளும் அசைந்தபோது, உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பையில் முடியாத ஒன்றைத் தைத்துவிட்டோம் என்று இராமசாமிக்குக் கண் கலங்கியது.

கதிரை உறை பருத்தியில்லை, பொலியெஸ்டர். அதில் பீட்ரூட்டும் கேசரிப் பவுடரும் எப்படி நிற்கும்? வீடியோ அதைச் சொல்லவில்லை. இரத்தினபுரி மாவட்டத்து மழையைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லவில்லை.

நள்ளிரவில் பிடித்த மழை காலையில்தான் விட்டது. இராமசாமி வெளியே எட்டிப் பார்க்கவில்லை. வரப்போகும் சம்பந்தியம்மாவுக்குப் பரிசாக ஒரு குடைத்துணிப் பை தைத்துக்கொண்டிருந்தார். அழகம்மாவும் மகளும் அடுப்படியில் இருந்தார்கள். வாசலில் யாரோ கனைத்தார்கள். சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி, கையில் சீனியும் பிஸ்கட்டுமாக, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"அனே, ராமசாமி! யாரு போனது?"

அவருக்குப் பின்னால் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் தப்படிக்கிறவர்கள், தப்பைச் சூடுகாட்ட நெருப்பு கேட்டுக்கொண்டு. எல்லோருக்கும் பின்னால் கதிரைகளோடு மக்கீன் நானாவின் லொறி. இராமசாமி ஓடிவந்து பார்த்தார். சந்தி வரைக்கும் பளிச்சென்று வெள்ளைக் கொடி.

"மௌத் வீடு, கதிரை வேணும்னு கோல் வந்திச்சி," என்றபடி இறங்கிய மக்கீன் நானா, ஒரு கொடியைத் தொட்டுப் பார்த்தார். "யா அல்லாஹ், இது என்ட கதிரை உறையல்லவா?"

அந்த நேரத்தில்தான் மல்லிகாவின் போன் அடித்தது. பிரதீபன் வீட்டாரின் வேன் சந்திவரை வந்து, கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

"யாரும் சாகல! அப்பா தைச்சாரு!" என்று மல்லிகா கத்தினாள். மறுமுனையில் அவன் அப்பாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "செத்தாலும் சாகாட்டியும் கொடி கொடிதான். இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம்ப்பா."

மல்லிகா தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள். அதைப் பார்த்ததும் இராமசாமிக்கு உயிரே போய்விட்டது. தன் கிறுக்கு தன் பிள்ளையின் தலையில் விடிந்துவிட்டதே என்று வெட்கத்தில் குன்றிப்போனார். சந்திக்கு ஓடி, ஈரக் கொடிகளை இரண்டு கையாலும் பிடுங்கத் தொடங்கினார்.

பாதி பிடுங்கியபோது பின்னால் ஹோர்ன் சத்தம். வேன் திரும்பி வந்திருந்தது. முன் சீட்டில் பிரதீபனின் அப்பா உர்ரென்று உட்கார்ந்திருந்தார். பின் கதவைத் திறந்துகொண்டு பிரதீபனின் அம்மா ஸ்டெல்லாமேரி இறங்கினார்.

"நான்தான் திருப்பச் சொன்னேன்," என்றார். "சாகாத வீட்டுக்கு இவ்வளவு தூரத்துக்குக் கொடி தைச்ச மனுஷன நான் பார்க்க வேணாமா?"

இராமசாமி கைகூப்பி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவர் கையில் தொங்கிய கொடியின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இது என்ன துணிங்க? வீசப் போறீங்களா?"

அவர் தோளில் தொங்கிய பையை இராமசாமி அப்போதுதான் கவனித்தார். குடைத்துணி. தையல் நேராகப் போகவில்லை. வேனுக்குள் பிரதீபனின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம், பல வருஷமாக அவரும் எந்த வேட்பாளரின் மேல் தலை வைத்துப் படுக்கிறாரோ.

நிச்சயதார்த்தம் முடிந்தது. அந்த மிச்சக் கொடிகள் இப்போது இரண்டு வீட்டிலும் பைகளாகத் தொங்குகின்றன. நீங்கள் சிரிக்கிறீர்கள், சந்தோஷம். அப்படியே எழும்பிப் போய் உங்கள் அலுமாரிக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள். அந்த உடைந்த குடையை எதற்காக இன்னும் வைத்திருக்கிறீர்கள்?