காற்று அழுததற்குச் சாட்சி யார்?

தளவாய்புரம் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் ஹவில்தாரைப் போல உண்மை பேசியே மற்றவர்களைப் பாடாய்ப் படுத்திய மனிதர் கிடைக்க மாட்டார்.

நான் பிளஸ் டூ படித்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியறையில் ஆங்கில டியூஷன். பிள்ளைகள் பன்னிரண்டு பேர். முதல் பெஞ்சில், முறுக்கிய மீசையோடு, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். தளவாய்புரத்திலிருந்து பஸ் மாறி எங்களுக்கு முன்பே வந்துவிடுவார். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் அவருக்கு வாட்ச்மேன் வேலை. பிளஸ் டூ முடித்தால் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார், ஆங்கிலம் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இந்த முறையும் போனால் வேறு ஆளைப் போடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

இலக்கணம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. செய்யுளோடும் அணிகளோடும்தான் மல்லுக்கட்டு. எல்லையில் ரிப்போர்ட் எழுதிப் பழகியவர், பாட்டையும் ரிப்போர்ட்டாகவே படிப்பார். நிலா சிரித்தது என்று வந்தால், புத்தக ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ‘தவறான தகவல்’ என்று குறிப்பார். காற்று அழுததாக ஒரு பாட்டு. இதில் என்ன அணி என்ற கேள்விக்கு, போன தேர்வில் நல்ல ஆங்கிலத்தில் பதில் எழுதியிருந்தார்: காற்று அழாது, பார்த்த சாட்சி யார்?

“இத ஆயிரம் தடவ சொல்லிட்டேன்யா,” என்று ஒருநாள் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஹவில்தார் எழுந்து விறைப்பாக நின்றார். “ஒம்போது தடவ சார். குறிச்சு வச்சிருக்கேன்.”

செய்யுள் சொல்லிக்கொடுக்கச் சொல்லி, சார் அன்றோடு அவரை என்னிடம் தள்ளிவிட்டார்.

“சும்மா அழகுக்குச் சொல்லுதது மாமா,” என்று கெஞ்சினேன்.

“அழகுக்குன்னாலும் பொய் பொய்தான தாயி.”

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பல் டாக்டரைப் பார்க்க வந்த அவர் மனைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடியே வாயைத் திறந்தார்.

“பனி மலைல இருந்து போன் போட்டு, இங்க குளிரே இல்ல, நம்மூரு வெயிலுதான் அடிக்குன்னு சொன்னியளே. அதுக்கு யாரு சாட்சி?”

அந்தப் பனியில் அவர் கால் விரல் இரண்டு போனது எங்களுக்கெல்லாம் தெரியும்.

“நீ பயந்துருவன்னுதான்...” என்று இழுத்தார்.

“தெரியும். நானும் காய்ச்சல்ல கிடந்துக்கிட்டு, நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னேன்.”

ஹவில்தார் சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார்.

“காத்து ஏன் அழுதுச்சு? சொல்லு தாயி.”

ரிசல்ட் வந்தது. அவர் நாற்பத்தொன்று வாங்கிப் பாஸ். நூறு வாங்குவேன் என்று ஊரெல்லாம் பீற்றியிருந்த எனக்கு அறுபத்திரண்டு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டியூஷன் படியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்வீட் டப்பாவோடு வந்தவர் என் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

“நீ ஆயிரம் வாத்தியாருக்குச் சமம் தாயி.”

“எண்ணிப் பாத்தியளா மாமா?”

“எண்ணித்தான் சொல்லுதேன்,” என்றார், மீசைகூட அசையாமல்.

பச்சைப் பொய். திருத்த எனக்கு மனசு வரவில்லை. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.