மாப்பிள்ளைக்கு அனுப்பிய சீர்வரிசை டிஸ்க்

காமயகவுண்டன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

பண்ணைப்புரத்தில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை குருசாமி அவர்களுக்கு, உங்கள் மச்சான் அழகர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாயக்காளும் திராட்சைப் பந்தலும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கச்சி அன்னத்தாயும் கல்யாணப் பெண் ஜோதிலட்சுமியும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்க உங்கள் குலசாமியும் என் குலசாமியும் சேர்ந்தே துணை நிற்கட்டும், அவர்களுக்குள்ளாவது சண்டை இல்லை. போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம். கூடவே ஒரு டிஸ்க் இருக்கும். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைப் போடவும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜோதிலட்சுமி காதுகுத்துக்கு நான் கொண்டுவந்த தாய்மாமன் சீரைப் பற்றி, உங்கள் ஊர் டீக்கடையில் நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்னது என் காதுக்கு வந்து சேர்ந்தது. "மச்சான் கொண்டாந்த சீரு ஒரு சைக்கிள் கேரியர்ல அடங்கிரும். கல்யாணத்துக்காவது ஜீப்புல வாராகளான்னு பாப்போம்" என்றீர்களாம். மேளம் முழங்க ஊர்வலமாக வந்த சீர் அது. அந்தச் சொல்லை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளும் வரை கல்யாணப் பந்தலில் கால் வைப்பதில்லை என்று நானும் சொல்லிவிட்டேன். தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணமா என்று தங்கச்சி போனில் அழுகிறாள். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளை, எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

காதுகுத்தில் எடுத்த வீடியோ கேசட் பீரோவுக்குள் பட்டுச்சேலைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. கம்பம் டவுனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அல்தாப் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, போனிலேயே அனுப்பிவிடலாம் என்றார். போனில் வருவதெல்லாம் ஒட்டு வேலை என்று நீங்கள் சொல்வீர்கள். காலையில் பக்திப் பாட்டு ஓடுகிற உங்கள் டிவிடி பிளேயரில் வந்தால்தான் உங்களுக்கு நிஜம், பென் டிரைவ் செருக அதில் ஓட்டையும் கிடையாது, ஆகவே டிஸ்க்தான் என்று முடிவானது. முதல் டிஸ்கை எங்கள் வீட்டுப் பிளேயரில் போட்டால் ‘டிஸ்க் எர்ரர்’ என்று வந்து நின்றுவிட்டது. கம்ப்யூட்டருக்குப் புரிகிற படம் பிளேயருக்குப் புரியாதாம், அதற்கென்று தனியாக மாற்றி எழுத வேண்டுமாம், அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஏன் மறுபடி பஸ் ஏறப்போகிறேன். மாற்றி எழுதிய இரண்டாவது டிஸ்க் ஓடத்தான் செய்தது, ஆனால் ஆட்களெல்லாம் தலையில் தட்டி அமுக்கிய மாதிரி குட்டையாகவும் அகலமாகவும் நடந்து வந்தார்கள். "இந்தக் கோலத்துல என்னைய உங்க தங்கச்சி வீட்டு டிவில காட்டப் போறீகளா" என்று கேட்ட மாயக்காள் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை. மூன்றாவது எழுதும்போது பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தேன்; ஒரே புழுக்கம், பேன் சுவிட்ச் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் சுவிட்சை அமுக்கிவிட்டேன், அதோடு அந்த டிஸ்க் செத்தது. மூன்றையும் திராட்சைப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், வெயில் பட்டு மின்னுகிற மின்னலில் ஒரு மைனா கிட்டே வருவதில்லை.

நான்காவதை எழுதும் முன் அல்தாப் ஸ்கிரீனைக் காட்டி, ஊர்வலம் இவ்வளவுதான், மீதி டிஸ்க் காலி என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. திராட்சைப் பெட்டியை நான் என்றைக்காவது அரைகுறையாகக் கட்டி அனுப்பியிருக்கிறேனா? இடம் விட்டால் போகிற வழியில் குலுங்கி அத்தனையும் அடிபட்டுப் போகும். "எடம் விடாம நெரப்பிக் குடுங்க தம்பி" என்று கண்டிப்பாகச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றார்.

மாப்பிள்ளை, நேற்று அதைப் போட்டுப் பார்த்தேன். தேங்காய்த் தட்டு, பழத் தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு, வெற்றிலைத் தட்டு என்று வந்துகொண்டே இருக்கிறது, முடிவேனா என்கிறது. நூறு வரை எண்ணினேன், அதற்கு மேல் கண்ணீர் மறைத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சின்னக்கருப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கறி வாங்கக் கிளம்பிய மனிதர் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டுச் சீரா கொண்டு போனீக" என்றார். இவ்வளவு கொண்டுவந்தது எனக்கே நினைவில்லை. கொடுத்ததை எண்ணிப் பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லையல்லவா. சைக்கிள் கேரியராம், கேரியர். நீங்களும் பாருங்கள், பார்த்துவிட்டு அந்த டீக்கடையிலேயே, அந்த நாலு பேர் முன்னாலேயே சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாளே பந்தக்கால் ஊன்ற நான் வந்து நிற்பேன்.

தங்கச்சிக்கு என் பிரியத்தைச் சொல்லவும். மருமகள் பூவும் பொட்டுமாக நூறாண்டு வாழட்டும். உங்கள் முழங்கால் வலிக்குத் தைலம் காய்ச்சி வைத்திருப்பதாக மாயக்காள் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்திருக்கும்
அழகர்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போனபோது மாயக்காள் தானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஏங்க, அந்த நொண்டி நாயி எத்தன தடவதான் குறுக்க போகும்" என்று கேட்டாள். மூன்று தடவை போகிறது. அல்தாப்புக்குப் போன் போட்டேன். "நீங்கதானண்ணே நெரப்பச் சொன்னீக. இருந்ததயே திருப்பித் திருப்பிப் போட்டு நெரப்பிட்டேன்" என்றார். ஆக உள்ளது முப்பத்துச் சொச்சம் தட்டுதான். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், மாயக்காள் விடவில்லை, இவ்வளவு பெருமை பேசினதை மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்கிறாள்.

இன்னொன்று. ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு ஆள் பெரிய வாழைத்தாரைத் தோளில் சுமந்து வருகிறார். தார் முகத்தை மறைக்கிறது. யாரோ கூலிக்கு வந்த ஆள் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் தடவை ஓடும்போதுதான், அவர் தாரைத் தோள் மாற்றுகிற இடத்தில் முகத்தைப் பார்த்தேன். நீங்கள். வாசலில் நின்று சீர் வாங்க வேண்டியவர், தெருமுனை வரை இறங்கி வந்து என் தாரைச் சுமக்கிறீர்கள். நான் பின்னால் வெறுங்கையோடு கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி வருகிறேன். இத்தனை வருஷத்தில் இதை ஒரு தடவைகூட நீங்கள் சொல்லிக்காட்டியதில்லை.

டீக்கடையில் எதையும் திரும்ப எடுக்க வேண்டாம். ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன், சீரோடு வருகிறேன், தாரை இந்தத் தடவை நான் தூக்குகிறேன். டிஸ்கைப் போட்டுப் பார்க்க வேண்டாம். உங்கள் கொய்யா மரத்தில் கட்டிவிடுங்கள், கிளி அண்டாது.