ஸ்கெடாடில் காக்கா கலியாணம் பேசப் போனது

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் இங்கிலீஷ் படித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேர் எடுத்தவர் உலகத்திலேயே ஸ்கெடாடில் காக்கா ஒருவர்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஐஸ் லொறி, அரிசி ஆலை, கட்டார் என்று சுற்றிவிட்டுக் கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ வந்தபோது, அங்கே ரொட்டி போடுகிறவர் அவர். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். இருவருக்கும் படுக்கை கோதுமை மா மூட்டைகளுக்குப் பக்கத்தில். எலி காலைக் கடிக்கும். உதறிவிட்டுப் புரண்டு படுப்போம்.

அறுகம் குடாவுக்கு அலை சறுக்கப் போன வெள்ளைக்காரன் ஒருவன் எங்கள் கடையில் கொத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். தெருமாடு ஒன்று உள்ளே நுழைந்தது. "ஸ்கெடாடில்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். மாடு போனபின் திரும்பி வந்தவனைக் காக்கா விடவில்லை. அவனும் போனைத் தட்டித் தட்டித் தமிழில் காட்டி விளக்கினான். விழுந்தடித்து ஓடுவதுதான் அர்த்தம். கடிதத்தில் எழுதுகிற சொல் அல்ல, வாய்ப்பேச்சு. அமெரிக்காவில் ஒரு சண்டைக்காலத்தில் பட்டாளம் சிதறி ஓடியதைச் சொல்லிப் பரவியதாம். அதற்கு முன் ஸ்கொட்லாந்துப் பக்கம் பால் சிந்துவதைச் சொன்னார்கள் என்பாரும் உண்டு. மூலம் எதுவென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

யாருக்கும் தெரியாது என்றதும் காக்காவுக்குக் குஷி பிறந்துவிட்டது. கேட்கிற ஆளுக்கு ஏற்ப ஒரு மூலம் கட்டிவிட்டார். காரைதீவு மீன்காரருக்கு அது வலையறுத்து ஓடிய சூரை மீன். சொறிக்கல்முனை விவசாயிக்கு அது வெடிச்சத்தத்தில் கலையும் குருவிக் கூட்டம்.

"நேத்து மீன் எண்டீங்களே காக்கா?"

"அது நேத்து. ஆளுக்கு ஏத்த மாதிரித்தான் மனே சொல்லுட வேர் இரிக்கும். நீ கோப்பையக் கழுவு."

கடை முதலாளி கடையை விற்கப் போவதாகச் சொன்னார். நாற்பது தாண்டிய காக்காவுக்குப் படுக்க வேறு இடமில்லை. அப்போதுதான் இறக்காமத்தில் ஒரு வீட்டார் தரகர் மூலம் கலியாணம் பேசக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பார். ஆகவே ஆள் நின்று நிலைப்பவனா என்பதுதான் முதல் விசாரணை. காக்காவுக்கு உறவென்று நான் மட்டும் போனேன்.

"எதையும் கதையுங்க. அந்தச் சொல்ல மட்டும் எடுக்க வேணாம்" என்று பஸ்ஸில் கெஞ்சினேன்.

"ஓம், ஓம்."

பெண்ணின் வாப்பா பால் விடாத பிளேன்டி தந்தார். "மாப்பிள்ளைக்கு இங்கிலீஷும் தெரியுமாமே?" தரகர் விட்ட புளுகு அது. நான் காக்காவின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு எழும்பியே நின்றார்.

"ஸ்கெடாடில் எண்டா மாமா, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுற."

"எதப் போட்டுட்டு?"

"வீடு, வளவு, சோத்துக் கோப்பை, எல்லாத்தையும். பட்டாளமே ஓடியிரிக்கி!"

வாப்பாவின் முகம் கறுத்தது. பெண்ணின் தம்பி கேட்டான்: "போன போகம் யானை வந்து எங்கட சுவர உடைச்ச. இனி வந்தா நீங்க?"

"அதுக்குத்தானே தம்பி அந்தச் சொல்லு!"

பிளேன்டி ஆறியது. நான் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"தனியவா ஓடுவீங்க? ஊட்டு ஆக்களையும் கூட்டிக்கிட்டா?"

காக்கா திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இவ்வளவு காலமும் கூட்டிக்கிட்டு ஓட ஆளில்ல."

உள்ளே யாரோ சிரித்தார்கள். வாப்பா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு, "சோறு போடுங்க" என்றார்.

நிக்காஹ் முடிந்த மறுநாளே நான் ஊரை விட்டேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. புத்தளத்தில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தபோது காக்காவின் போன் வந்தது. மூச்சு வாங்கியது. பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் யானை வந்துவிட்டதாம். மாமனாரை முதுகில் போட்டு, பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் வரை ஓடினாராம்.

"எல்லாரும் தப்பியாச்சா காக்கா?"

"ஓம் மனே. பள்ளியடியில நிண்டு ஆக்கள எண்ணினன். ஒராள் குறையிது. மறுகாதான் விளங்கின, ஊட்டு ஆக்கள் கணக்கில உன்னையும் சேத்திரிக்கன்."