லேபிள்காரரும் ஒன்பதின்மரும்

நான்கு எண்களுக்கு மூன்று நாள். லேபிள்காரர் என்ற இனத்தை அடையாளம் காண இந்தக் கணக்கு ஒன்றே போதும். வேலையை அரை மணியில் முடித்து, அதற்குப் பெயர் சூட்ட அரை வாரம் எடுத்துக்கொள்பவர். உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டிவிட்டு, மனம் ஆறாமல் 'தூள் உப்பு' என்று திருத்தி, ஒட்டியது கோணல் என்று கிழித்து மறுபடி ஒட்டுபவர். அதற்குள் ரசம் உப்பில்லாமல் இறங்கியிருக்கும். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். பக்கத்து நாற்காலியைப் பாருங்கள்.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தின் தாமோதரன் இந்த இனத்தில் முதல் தரம். தினமும் தனியார் பேருந்தில் பெங்களூருக்குப் போய் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர். மனைவி நளினிக்கும் வேலைக்கு அதே வண்டிதான். வியாழக்கிழமை வண்டி உரிமையாளர் மனோகர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள்? ஐந்து பேருக்குக் குறைந்த இடத்தில் திங்கள் முதல் வண்டி நிற்காது.

நளினி அன்றே எண்ணிக் கணவரிடம் சொல்லிவிட்டாள். ராபர்ட்சன்பேட்டை பதினாறு, ஊரிகம் ஒன்பது, பெமல் நகர் பதினொன்று, பங்காருபேட்டை பன்னிரண்டு. ஒரே வரியில் அனுப்பலாம். லேபிள்காரர் அனுப்புவாரா? நிறுத்தத்துக்கு ஒரு தூணாகச் சார்ட் போடுகிறேன் என்றார்.

நான்கு தூண்களும் பத்து நிமிடத்தில் எழுந்து நின்றுவிட்டன. தூண் தலையில் என்ன எழுதுவது? அங்கேதான் ஆரம்பித்தது. விசைப்பலகையின் இடது மூலையில் தூசி படிந்து கிடக்கும் சாய்ந்த குறி ஒன்று உண்டு. அதற்குள் வாக்கியத்தை எழுதி, டாலரும் சுருள் அடைப்பும் போட்டு ஓட்டை விட்டால், எண் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் சாய்ந்த குறிக்குப் பதில் நேர்க்குறி போட்டதில் நான்கு தூண்களும் டாலரைத் தலையில் சுமந்து நின்றன. இரண்டாம் நாள் எழுத்தின் நிறம். வீட்டோடு இருக்கும் மாமனார் ராஜேந்திரன், சுரங்கத்தில் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் லெவல் லெவலாக முப்பது வருடம் இறங்கி ஏறியவர், வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ளே, ரெண்டு நாளா குந்திக்கினே கீறீங்க?"

"லேபிள்ல வேலை மாமா."

"எத்தினியாவது லெவலு? மேல வர்றதுக்கு கேஜ் இல்லியா?"

மூன்றாம் நாள் இலக்கணம். பத்துக்கு மேலே '16 பேர்' என்பது சரி. கீழே? ஒருவர், இருவர், மூவர் என்றல்லவா தமிழ் சொல்கிறது? தாமோதரன் நிபந்தனை ஒன்றை எழுதினார். ஊரிகத்துத் தூணின் தலையில் 'ஒன்பதின்மர்' என்று பூத்தது. அவருடைய அகலத் திரையில் அது அழகாகத்தான் இருந்தது. ஞாயிறு காலை இணைப்பை அனுப்பினார்.

மனோகர் கைப்பேசியில் திறந்தார். இடம் பற்றாத சொல்லைச் சார்ட் நறுக்கி, மூன்று புள்ளி வைத்து, 'ஊரிகம்: ஒன்…' என்று காட்டியது.

"ஊரிகம் ஒன்னு தானா? சரி, நாளைலேர்ந்து அங்க நிக்காது" என்று குழுவில் பதில் வந்தது.

"இன்னாங்க இது, ஒன்பது பேரு எப்டி ஒன்னாச்சு?" என்றாள் நளினி.

"அவரு போன் அகலம் பத்தல."

நளினி மனோகருக்கே பேசினாள். வாயால் சொல்வதை ஏற்க ஆரம்பித்தால் ஊரில் எல்லா மூலையிலும் நிற்க வேண்டிவரும் என்றார் அவர். திருத்திய படம் மாலை ஆறுக்குள் வந்தால் அதையே டிரைவருக்கு அனுப்புவதாகவும், அதற்கு மேல் மாற்ற முடியாதென்றும் சொல்லி வைத்தார்.

"நம்பர் போடுங்க. ஒன்பது. அவ்ளோதான். காலங்காத்தால என்னை ஓட வெக்காதீங்க" என்றாள் நளினி கணவரிடம்.

தாமோதரன் உடனே போட்டார். அதற்கு ஒரு நொடி. ஆனால் திருத்திய படத்தைத் திருத்திய படம் என்று சொல்ல வேண்டாமா? '9 பேர், திருத்தப்பட்டது' என்று எழுதினார். நீளம். எழுத்தைச் சுருக்கினார். கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு வரியாக மடித்தார். பக்கத்துத் தூணில் இடித்தது.

சிரிக்கிறீர்களா? போன வாரம் ஒரு வரி விடுப்புக் கடிதத்தில் 'அன்புள்ள' போட்டு, அழித்து, 'மதிப்பிற்குரிய' போட்டு, அதையும் அழித்தது யார்? இந்தக் கட்டுரைக்கு இதைவிட நல்ல தலைப்பு இப்போதே உங்கள் மனதில் தயாராக இருந்தால், தாமோதரனைப் பார்த்துச் சிரிக்காமல் வணக்கம் சொல்லுங்கள். சொந்தக்காரர்.

படம் ஆறு இருபதுக்குப் போனது. திங்கள் காலை ஐந்தரைக்கு ஊரிகத்தின் ஒன்பது பேரும் வண்டி பிடிக்க மூன்று ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போகிறார்கள்.