மீட்பு ஆபீசர் சாப்பிட்டாரா?

அன்பும் அடக்கமும் நிறைந்த மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, நம் மூக்குக் கண்ணாடிக்கடை மூவரும் சுகம். அங்கே நீயும் தங்கையும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிக்காதே. போனில் பேசினால் உன் அக்காவின் காது கதவுக்குப் பின்னாலேயே இருக்கும். படித்ததும் கிழித்துப் போடு.

விஷயம் இதுதான். கடை இருக்கும் அறையை விற்கப் போவதாகவும், மாசக் கடைசிக்குள் நாம் வாங்காவிட்டால் காலி செய்ய வேண்டும் என்றும் கட்டடக்காரர் சொல்லிவிட்டார். சேர்த்து வைத்தது போதவில்லை. பாதியைக் கிரிப்டோ என்கிற இணையக் காசில் போட்டுப் பெருக்கலாம் என்று இறங்கினேன். பெருகிக்கொண்டுதான் இருந்தது மச்சான், பொய் சொல்லவில்லை. அப்புறம் கஸ்டமர் கேர் என்று ஒருத்தர் வந்து, அந்தக் காசு இருக்கிற இணையப் பர்ஸைத் திறக்கிற பன்னிரண்டு ரகசியச் சொற்களைக் கேட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தது. ஆனா அவர் யாரோவா? கஸ்டமர் கேர் ஆச்சே! சொன்னேன். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள மொத்தமும் அம்பேல்.

போலீஸ்ல போய் அழுதேன். போலீஸ்காரம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாங்க. நம்ம காசு எந்தப் பர்ஸிலேர்ந்து எந்தப் பர்ஸுக்குப் போச்சுன்னு ஊரே பார்க்கிற மாதிரி வரிசையா தெரியுது! மூணா பிரிஞ்சு, திரும்ப ஒண்ணா சேர்ந்து, கிரிப்டோவை வாங்கி விக்கிற ஏதோ ஒரு எக்ஸ்சேஞ்சுல போய் உட்கார்ந்திருக்கு. ஷோகேஸ்ல இருக்கிற பிரேம் மாதிரி பார்க்கலாம், தொட முடியாது. எக்ஸ்சேஞ்சுக்கு எழுதி முடக்கச் சொல்றோம், நாளாகும்னாங்க. "மீட்டுத் தர்றேன்னு எவனாவது வருவான், நம்பிடாதீங்க"ன்னும் சொன்னாங்க. நானா நம்புவேன்?

நல்ல வேளை, மறுநாளே மீட்பு ஆபீசர் மெசேஜ் அனுப்பினார். எவனாவது வேற, ஆபீசர் வேற இல்லையா? என்னமா துப்புத் துலக்குறார்ங்கிறே! நான் மத்தியானம் கல்லாமேல தலை வச்சுத் தூங்குறது, டாக்டர் வேண்டாம்னும் டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியுது. கையில இருக்கிற மிச்சப் பணத்தை ஆதாரமா காட்டணுமாம். பேங்க் வேண்டாம், உறையில போட்டு உங்க மனைவியோட துணி அலமாரி மேல்தட்டுல வைங்க, எங்க ஆள் எடுத்துக்குவார்னார். வச்சுட்டுக் குளிச்சுட்டு வந்தா உறையைக் காணோம்! பூட்டு உடையல, வாசல்லயே உட்கார்ந்து காய் நறுக்கிட்டிருந்த உன் அக்கா கண்ணுலகூட ஆள் படல. அவ்வளவு கைதேர்ந்தவங்க. கேஸ் நகரணும்னா நன்னடத்தையும் வேணுமாம். சமையலறைக் குழாய் ஒழுகுறதைச் சரி பண்ணி போட்டோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல போடுறதையும் விட்டுட்டேன். சட்டம்னா சட்டம்தான். பாவம், நமக்காக மாடா உழைக்கிறார் மனுஷன். "சாப்பிட்டீங்களா சார்"னு தினமும் மறக்காம கேட்டுடுவேன்.

ஆனாலும் பயமா இருக்கு மச்சான். இந்தக் கடையும் போச்சுன்னா இந்த வயசுல நான் யார்கிட்ட போய் வேலை கேட்பேன்? மாசக் கடைசிக்குள்ள ஆபீசர் முடிக்காட்டி நீதான் கொஞ்சம் அனுப்பி உதவணும். உன் அக்காகிட்ட மூச்சு விடாதே.

பிள்ளைகள் கண்ணாடி போடும் அவசியமே வராமல் நீடூழி வாழ என் ஆசிகள். அவசியம் வந்தால் தள்ளுபடி உண்டு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். இதைத் தபால்ல போடச் சொல்லி என்கிட்டயே குடுத்தார். ஒழுங்கா ஒட்டக்கூடத் தெரியல. நடந்ததையெல்லாம் போலீஸுக்குப் போயிட்டு வந்த ராத்திரியே தூக்கத்துல உளறிட்டார். மீட்டுத் தர்றேன்னு எவனாவது வந்து மிச்சத்தையும் உருவுறதுக்குள்ள, நானே புது நம்பர் வாங்கி ஆபீசர் ஆயிட்டேன். நீ ஒண்ணும் அனுப்பாதே. உறையில இருந்ததை முன்பணமா கட்டி, அறையை என் பேருக்கு எழுதச் சொல்லியாச்சு, மீதிக்குத் தவணை. எக்ஸ்சேஞ்சுல கொஞ்சத்தை முடக்கிட்டாங்கன்னு போலீஸ்லேர்ந்து வீட்டுக்குப் போன் வந்துச்சு, அதையும் அவர்கிட்ட சொல்லிடாதே. நேத்தே உண்மையைச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து, சாப்பிட்டியான்னு என்னை ஒரு வேளை கேட்டதில்லடா இந்த மனுஷன். ஆபீசர் இன்னும் கொஞ்ச நாள் வேலையில இருந்துட்டுப் போகட்டும்.